தோளில் துண்டு போட்ட எஸ்கிமோ

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். உலகப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போடுவேன். அப்படிப்பட்ட ஸ்ரீதேவி டீச்சர், திமில் வைத்த மாடு ஒன்றைப் பார்த்து ‘சுவிட்சர்லாந்து’ என்று சீட்டு எழுதி ஒட்டினாள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலகரத்தில் வேறு யாராவது சொல்வார்கள். இன்னும் நான்கு மாட்டைச் சேர்த்துச் சொல்வார்கள்.

சீட்டு எழுதச் சொன்னவர் எங்கள் தெருவில் ஆறாவது வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிற தொழில். அருவிக்கரையில் எண்ணெய்க்குத் தடை வந்த பிறகு, ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மரப்பெஞ்சு, இரண்டு அண்டா வெந்நீர் என்று நடத்துகிறார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான ஆள். கை மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி பெரிதாக இருக்கும். உங்கள் தோளில் அந்தக் கையை வைத்தால், நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறீர்கள், பைக் ஓட்டுகிறீர்களா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறீர்களா, வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடுவார். கடைசியில் சொன்னதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அண்ணாச்சி அதிகபட்சம் போன தூரம் மதுரை. அதுவும் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று போனது. ஆனால் அவர் வீட்டுக்குள் நாற்பத்தேழு பொம்மைகளும் முகமூடிகளும் இருந்தன. எல்லாம் வெளிநாட்டு ஜனங்கள் கையால் செய்தவை, எல்லாம் பழசு, நாட்டுக்கு ஒன்று. அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது ஆரம்பித்தது ஒரு கொல்லத்துக் கப்பல் இஞ்சினியரால். இருபது வருஷத்துக்கு முன் ஒரு சீசனில், இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தூக்கிவர வந்தார். மூன்றாம் நாள் தானே நடந்து பஸ் ஏறினார். ஏறும் முன் பையிலிருந்து ஒரு சின்ன மரத்தலையை எடுத்துக் கொடுத்தாராம். கானா நாட்டில் கப்பல் நின்றபோது வாங்கியது. அதை டிவி மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

“இதச் செஞ்சவன் யாருன்னே எனக்குத் தெரியாது டீச்சர். என்னய அவனுக்குத் தெரியாது. ஆனா அவன் கை பட்டது இப்ப என் கையில இருக்கு பாத்தீங்களா?” என்று என்னிடம் காட்டினார். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு, விமானம் ஏறிப் போகிற ஆட்களிடம் அவர் டிப்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டார். பெஞ்சில் குப்புறப் போட்டு, பிடரியில் பெருவிரலை இறக்கிக்கொண்டே சொல்வார்: “டிப்ஸ் வேண்டாம் சார். அடுத்த சீசனுக்கு வரும்போது அங்கன உள்ள சனங்க செஞ்ச பழைய சாமான் ஒண்ணு கொண்டாங்க. புதுசு வேண்டாம்.” அந்த நிலையில் மனிதன் எதற்கும் ஒப்புக்கொள்வான். போலீசில் ஏட்டாக இருக்கும் அவர் மைத்துனர் வேல்ராஜ், “எங்க ஆளுக இந்த முறையக் கத்துக்கிட்டா ஒரு கேஸும் பாக்கி இருக்காது” என்பார்.

அதிசயம் என்னவென்றால், எல்லோரும் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூர் டாக்டர், லண்டனில் படிக்கும் பையன், துபாய் இஞ்சினியர், கோலாலம்பூரில் ஹோட்டல் வைத்திருக்கும் ஆலங்குளத்துக்காரர் என்று ஒவ்வொரு சீசனிலும் இரண்டு பேர், மூன்று பேர், நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு கொட்டகை வாசலில் வந்து நிற்பார்கள். கொடுக்கும்போது அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

துபாய் இஞ்சினியர் கொடுத்தது பெரு நாட்டு முகமூடி. துபாயில் இருப்பவருக்குப் பெரு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

“பிளைட்டு அது வழியா வந்திருக்கும் டீச்சர்.”

துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெரு வழியாக வர வேண்டுமானால், விமானிக்கு வழி சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் நான், “கூட வேலை பார்க்கிறவர் யாராவது கொடுத்திருப்பார்” என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, ‘பெரு, தென் அமெரிக்கா’ என்று எழுதிக் கொடுத்தேன். ரிட்டையர் ஆனவளுக்கு எழுத ஏதாவது வேண்டியிருந்தது.

வீட்டில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் பாடுதான் பெரும்பாடு. பூஜை அலமாரியைத் தவிர எல்லாச் சுவரிலும் யாரோ ஒருவர் முழித்துக்கொண்டிருப்பார். ரேஷன் கார்டு காங்கோவுக்குப் பின்னால், கரண்ட் பில் பொலிவியாவுக்கு அடியில். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் பெருவைப் பார்த்த நாளிலிருந்து சிலிண்டரை கேட்டோடு இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். இதெல்லாம் போதாதென்று சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி நாற்பத்தேழையும் கீழே இறக்கி எண்ணெய் தேய்த்துத் துடைத்து வைப்பார். மனுஷனுக்கு உள்ள பழக்கம் மரத்துக்கும் நல்லது என்பது அவர் எண்ணம்.

“என் முதுகு ஒண்ணு இருக்குன்னு அந்த மனுசனுக்கு ஞாபகமே இல்ல டீச்சர். நானும் ஏதாச்சும் வெளிநாட்டுல பொறந்திருக்கணும்” என்பாள் முப்பிடாதி.

ஊர் சிரித்தது. வேல்ராஜ் அந்த வீட்டுக்குப் பெயரே ‘குடோன்’ என்று வைத்திருந்தார். அண்ணாச்சி அதற்கெல்லாம் கோபப்படவில்லை. ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னார்: “நான் எங்கயும் போகல டீச்சர். இனி போகவும் மாட்டேன். ஆனா இத்தன நாட்டுலயிருந்து ஒவ்வொருத்தனும் என்னய ஞாபகம் வச்சு, தேடி வாங்கி, சுமந்து கொண்டாந்து குடுத்திருக்கான். வெவரம் தெரிஞ்ச ஒரு ஆளு வந்து, ‘ஆமா, இது நெசம்’னு ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்குப் போதும்.”

அந்த வார்த்தையை வாங்கித் தரப் போகிறேன் என்று கிளம்பியவள் நான்தான்.

அதற்கு முன் முகம்மது சலீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளி ஃபேன்சி கடை வைத்திருப்பவர். பாசிமணி, சாவி வளையம், ரப்பர் பாம்பு, தண்ணீர்த் துப்பாக்கி. அவரும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் படித்து, ஒன்பதாம் வகுப்பில் ஒரே நாளில் நின்றவர்கள். புதுப் பொம்மை வந்துவிட்டது என்று தெரிந்தால் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார். “அந்தக் கண்ணப் பாருலே. எப்படிச் செதுக்கியிருக்கான் பாரு” என்று அண்ணாச்சியை விடாமல் பார்க்கவைப்பார். அண்ணாச்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை போகமாட்டார். என்ன ஒரு சிநேகிதம் என்று நான் வியந்திருக்கிறேன். அந்த வியப்பில் தவறில்லை. காரணம்தான் வேறாக இருந்தது.

நான் செல்போனில் நாற்பத்தேழையும் படம் பிடித்து, சென்னையில் ஹுஸைஃபா என்பவருக்கு ஈமெயில் அனுப்பினேன். உலகம் முழுவதிலிருந்தும் வரும் பழைய நாட்டுப்புறக் கலைப்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்கிறவர் அவர். மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு அதுதான் தொழில். சாதாரண மனிதர்கள் வீட்டில் சேர்த்துவைத்த பொருள்களை வைத்து ஜனவரியில் ஒரு கண்காட்சி நடத்தப்போவதாக எங்கோ படித்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இந்த மாதிரி எதையும் தான் பார்த்ததே இல்லை, நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். கண்ணாடிப் பெட்டி, ‘ஆவுடையப்பன் சேகரிப்பு’ என்று பெயர்ப்பலகை, எல்லாம் உண்டு என்றும் எழுதியிருந்தார்.

‘இந்த மாதிரி எதையும் பார்த்ததே இல்லை’ என்ற வரியை நான் அன்றே இரண்டாம் தடவை படித்திருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெயர்ப்பலகை எந்த அளவு இருக்கும் என்று என்னிடம் தினமும் கேட்டார். சலீமுக்கோ அன்றிலிருந்து ஜுரம். ஜுரத்தோடு என் வீட்டுக்கு வந்து, “எதுக்கு டீச்சர் இதெல்லாம்? கண்ணு பட்டுரும்” என்றார். மறுநாள் அண்ணாச்சியிடம் போய், திருவேங்கடத்தில் ஒரு கல்யாணம், வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோருமாகப் போய்வருவோம் என்றிருக்கிறார். யார் கல்யாணம் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை. அதற்கு மறுநாள், சென்னைக்காரர்கள் சரியான திருடர்கள் என்றார். அவர் வாழ்நாளில் சென்னைக்காரர் ஒருவரைக்கூடக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பாதி வியாபாரம் அவர்களால்தான்.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை ஹுஸைஃபா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தாடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு. வீடு முழுக்க எண்ணெய் வாசம். முந்தின நாளே நாற்பத்தேழுக்கும் குளியல் நடந்திருந்தது. அண்ணாச்சி கல்யாண வேட்டி கட்டியிருந்தார். சலீம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே வா என்றால் வரவில்லை, போ என்றாலும் போயிருக்கமாட்டார்.

ஹுஸைஃபா முதலில் கானாவின் தலையை எடுத்துப் பார்த்தார். “இது ஒரிஜினல் சார். கானாதான்” என்றார்.

“ஏட்டி, கேட்டியா? ஒரிஜினல்!” என்று அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் கத்தினார். அந்தக் கத்தலில், “ஆனா அங்க ஏர்போர்ட் கடையில இது ஆயிரக்கணக்கில விக்கும், போன வாரம்கூடச் செஞ்சிருப்பாங்க” என்று ஹுஸைஃபா தொடர்ந்து சொன்னது அவர் காதில் விழவில்லை. அந்த மாதிரி இன்னும் இரண்டு சாமானைத் தனியே எடுத்துவைத்தார். பிறகு மாட்டை எடுத்தார்.

“இது எந்த ஊர்?”

“சுவிட்சர்லாந்து” என்றேன் நான்.

“திமில் இருக்கே மேடம்?”

“மலை மாடு. உயரமான இடத்தில் அப்படித்தான் வளரும்.”

“கொம்புல ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம்னு பெயின்ட் அடிச்சிருக்கே?”

“அங்கேயும் ஏதாவது பொங்கல் மாதிரி...” என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவர் எஸ்கிமோவை எடுத்தார். குட்டையான மரப்பொம்மை, தலையில் ரோமத் தொப்பி. “தோள்ல இது என்ன சார்?”

“கரடித் தோலு சார். டீச்சர் சொன்னாங்க” என்றார் அண்ணாச்சி.

“பச்சைக் கரை போட்டிருக்கே.”

குனிந்து பார்த்தேன். பச்சைக் கரைதான். ஓரத்தில் இரண்டு கோடு. வட துருவத்துப் பனியில் நிற்கும் மனிதன், தோளில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கல்யாணத்துக்குப் போட்டுப் போகிற துண்டை மடித்துப் போட்டிருந்தான். ரஷ்யக் கிழவிக்கு மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி இருந்தது. ஜப்பான்காரி கொண்டையில் மல்லிகைச் சரம். பெருவின் சூரிய தேவனுக்கு முறுக்கு மீசை. இத்தனையையும் நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் புவியியல் ரீதியாக எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

ஹுஸைஃபா ஒன்பது பொம்மைகளைத் தரையில் வரிசையாக வைத்தார். “கண்ணைப் பாருங்க. எல்லாத்துக்கும் கீழ் இமையில ரெண்டு வெட்டு. காதுக்குப் பின்னாடி உளியை ஒரே மாதிரி திருப்பியிருக்கார். ஒன்பது நாடு சார். ஆனா ஒரே கை.”

“ஒரே கையா?” என்றார் அண்ணாச்சி.

“நாப்பத்திநாலும் ஒரே கை. யார் சார் அவர்? எனக்கு அவரைப் பார்த்தே ஆகணும்.” அவர் குரலில் அவ்வளவு உற்சாகம் இருந்தது. அந்த அறையில் யாருக்கும் அது எட்டவில்லை.

“நான் வாரேன்லே. கடயத் தெறக்கணும்” என்றார் சலீம் நிலையிலிருந்து.

“இன்னைக்கு வெள்ளிக்கெழம. தொழுகை முடிஞ்சுதான தெறப்ப?”

சலீம் உள்ளே வந்து, அந்த மாட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மாட்டுலதாம்லே தப்புப் பண்ணிட்டேன். சாக்லேட் அட்டையில படத்தப் பாத்துச் செஞ்சேன். முதுகுக்கு நேரா மேகம் இருந்துச்சு. திமில் இருக்கா இல்லையான்னு தெரியல. இல்லாம எப்படி இருக்கும்னு வச்சுவிட்டுட்டேன்.”

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. முப்பிடாதி அதையும் கவனிக்காமல் வாசலில் நின்றாள்.

அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கேட்டார். “சிங்கப்பூர் டாக்டர் குடுத்த ஜப்பான்?”

“நாந்தான்.”

“லண்டன் பையன் குடுத்த எஸ்கிமோ?”

“ஒன் கொட்டகைக்கு வர முன்னால என் கட வாசல்ல ஆட்டோவ நிறுத்துனான். ‘அண்ணே, வெறுங்கையோட வந்துட்டேன், ஏதாச்சும் வெளிநாட்டுச் சாமான் இருக்கா’ன்னான்.”

“கோலாலம்பூர்க்காரர்?”

சலீம் தலையை ஆட்டினார். கேட்கக் கேட்க அண்ணாச்சியின் குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று. “பெருவும் நீதானா?” என்று கடைசியில் கேட்டார்.

“பெருவ ரெண்டு தடவ செஞ்சேன். மொதல்ல செஞ்சது அப்படியே ஒன்ன மாதிரி அமைஞ்சு போச்சு. ஒளிச்சு வச்சிட்டேன்.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அண்ணாச்சி எழுந்தார். “எல்லாரும் போங்க” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தெருவில் நின்று ஹுஸைஃபா என்னிடம் ஒரு ஃபாரத்தைக் கொடுத்தார். நாற்பத்திநாலையும் கண்காட்சிக்கு எடுத்துப்போகத் தயார். ஆனால் செய்தவர் முகம்மது சலீம், சேர்த்தவர் ஆவுடையப்பன் என்று உள்ளது உள்ளபடி போட வேண்டும். பொருள்களுக்குச் சொந்தக்காரர் அவர்தான், அவர் கையெழுத்து வேண்டும், ஒரு வாரத்துக்குள் வந்தால் நல்லது என்றார். “அவர் கோபப்படுறாரே மேடம்? எனக்கு இது எல்லா ஒரிஜினலையும்விடப் பெருசு” என்றார் பாவம். அவருக்கு மரம் தெரியும். எங்கள் ஆட்களைத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. எண்ணெய்க் குளியல் நடக்கவில்லை. போய்ப் பார்த்தால் எல்லாவற்றையும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

“எங்கிட்டயும் பேச மாட்டேங்காரு டீச்சர்” என்றாள் முப்பிடாதி. “இத்தன வருசமா நான் காங்கோக்காரனுக்குப் பயந்து அந்தப் பக்கம் தனியா போகாம இருந்தேன். கடைசியில பாத்தா சலீம் அண்ணன் செஞ்சதாம். நோம்புக்கஞ்சி குடுத்துவிடுத மனுசன், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

நான் சலீம் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பின்னறையில் உட்காரவைத்தார். செங்கோட்டை மரவாடியில் கழித்துப் போட்ட கட்டைகள், ஐந்தாறு உளிகள், டீத்தூள் கஷாயம் கலக்கிய ஒரு பிளாஸ்டிக் வாளி, பழைய பேப்பர் கடையில் எடுத்த ஒரு பள்ளிக்கூட அட்லஸ். செய்து முடித்த நாடுகளுக்கு அதில் டிக் போட்டிருந்தார். பொம்மைக்குப் பழசு ஏற, கஷாயத்தில் ஊறப்போட்டு, அடுப்புக்கு மேல் புகை காட்டி, சாரலில் ஒரு வாரம் வெளியே வைப்பாராம்.

“பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் குற்றாலத்துல யாரு இருக்கா டீச்சர்? நானும் கொரங்கும்தான். உக்காந்து செதுக்குவேன். உளி பிடிக்க யாரும் சொல்லித்தரல. கையக் கையக் கீறிக்கிட்டு நானாத்தான் பழகினேன்.”

“ஏன் செய்தீர்கள் என்று கேட்கிறேன்.”

“மொத சீசன்ல ஒருத்தரு கடையில வந்து நின்னாரு. மறந்துட்டேம்பா, வெறுங்கையோட எப்படிப் போய் அவன் மூஞ்சில முழிக்கதுன்னு தவிச்சாரு. நல்ல மனுசந்தான் டீச்சர். எல்லாருமே நல்ல மனுசங்கதான். மறந்திருதாங்க, அவ்வளவுதான். ஆனா அங்கன அவன், அந்த ஆளு வருவாருன்னு ஏப்ரல்லயே சுவத்துல ஆணி அடிச்சு வச்சிட்டு உக்காந்திருப்பான். ஆணி சும்மா இருந்தா எனக்குத் தாங்காது.”

சண்டை போட வந்ததை மறந்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். இதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னால் மனம் இளகிவிடும் என்று நினைத்துப் போய்ச் சொன்னேன். இளகவில்லை.

“உலகமே என்னய நெனச்சுப் பாக்குன்னு இருந்தேன் டீச்சர். இப்ப வெளங்கிருச்சு. ஒருத்தனும் நெனைக்கல. பஸ்ஸ விட்டு எறங்கி, அந்தா கொட்டகை தெரியுதுன்னதும்தான் எல்லாவனுக்கும் என் ஞாபகம் வந்திருக்கு. இத ஊரக் கூட்டி, பலகையில எழுதி வைக்க நான் கையெழுத்து வேற போடணுமா?”

நிஜமாகவே கொண்டுவந்த அந்த மூன்று பேரைத் தவிர்த்துவிட்டால், அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. அந்தச் சிங்கப்பூர் டாக்டர் மேல், லண்டன் பையன் மேல், எல்லோர் மேலும் எனக்குக் கோபமாக வந்தது. என் மேல்தான் அதிகம். பேசாமல் அட்லஸோடு இருந்திருக்கலாம். ஃபாரம் என் பையிலேயே கிடந்தது. ஊரில் எப்படியோ தெரிந்துபோய், வேல்ராஜ் போன் செய்து, “மச்சான், அந்தத் துண்டு போட்ட எஸ்கிமோவுக்கு ஆதார் கார்டு இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். முப்பிடாதி போனைப் பிடுங்கித் தன் தம்பியைத் திட்டிய திட்டு என் வீடுவரை கேட்டது.

ஆறாம் நாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

“டீச்சர், அவன கொட்டகைக்கு வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா பயந்துகிட்டு வரமாட்டான். ஒரே கைன்னு சொன்னாருல்லா அந்தச் சென்னைக்காரரு? அந்தக் கைய நான் பாக்கணும்.”

சலீம் என் பின்னாலேயே வந்தார், ஊசி போட அழைத்துப்போகிற பிள்ளை மாதிரி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெயைச் சூடு பார்த்து ஊற்றி, சலீமின் வலது கையை எடுத்துப் பெருவிரலுக்கு அடியில் ஒரு அழுத்து அழுத்தினார். சலீம் “யா அல்லா” என்று எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருலே. இது எந்த நாடு?”

“என்னது?”

“இங்கன உருண்டையா கட்டியிருக்குல்லா, இது எந்த நாட்டால வந்ததுன்னு கேக்கேன்.”

சலீம் யோசித்தார். “ரஷ்யாவா இருக்கும்.”

“ரஷ்யாக்காரி ரெண்டு பக்கமும் மூக்குத்தி போடுவாளாலே?”

“பூக்காரி இசக்கியப் பாத்துச் செஞ்சேம்லே! விடுலே!”

“இது?” மணிக்கட்டு.

“ஜப்பான்! ஜப்பான்!”

“இது?” முழங்கைக்குக் கொஞ்சம் கீழே.

“சுவிட்சர்லாந்து.”

அதை மட்டும் இரண்டு தடவை அழுத்தினார். சத்தம் கேட்டு லாட்ஜ் மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கீழே ஒருவர் உலகப் படம் முழுவதையும் சொல்லி அலறுவதைக் கேட்டுவிட்டு, அவர்கள் மசாஜ் வேண்டாம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பிரேசில் வந்தது, துருக்கி வந்தது, மங்கோலியா வந்தது. அண்ணாச்சியின் விரல்கள் மெதுவாகிக்கொண்டே வந்தன. பிறகு அழுத்துவதை விட்டுவிட்டு, அந்தக் கையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“இருவது வருசத்து வலி இருக்குலே இதுல.”

“ஆமா.”

“பெருவிரல மடக்க முடியுதா ஒனக்கு?”

“காலையில முடியாது. பத்து மணிக்கு மேல சரியாயிரும்.”

“எந்த எந்த ஊருக்காரன் கையெல்லாமோ பிடிச்சு விட்டிருக்கேன். நீ பத்தடி தள்ளிக் கட வச்சிருக்க. ஒரு நா வந்து இத எங்கிட்ட நீட்டலியேலே, சலீமு.”

“நீட்டுனா ஒனக்குத் தெரிஞ்சு போயிருமேலே.”

அண்ணாச்சி அழுதுவிட்டார். நானும்தான். கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல், கை நிறைய எண்ணெயோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்த ஃபாரம் வச்சிருக்கீங்களா டீச்சர்? கையெழுத்துப் போடுதேன். இவன் பேரப் பெருசாப் போடச் சொல்லுங்க.”

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

“இப்ப இல்ல, இருங்க. கட்டையப் பிடிச்சுக்கிட்டிருந்த கை ஒண்ணு பாக்கி இருக்கு.”

சலீம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.